பதினொரு இடத்தில் இருந்த பெயர்

பாத்தும்மாவைப் பற்றி ஒரு நாவல் வந்திருக்கிறது. கல்முனையில் அதைத் தட்டச்சு செய்தவன் நான். அட்டையும் என் வேலைதான்: உதிக்கும் சூரியன், அறுந்த சங்கிலி. பாத்தும்மாவுக்கு யாரும் சங்கிலி போடவில்லை. சவூதியில், றியாத்தில் ஒரு வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மூன்று வருடம்.

கட்டின மாப்பிள்ளை விட்டுப் போனபின் வீட்டு வேலைக்கென்று போனவர் அவர். அனுப்பியவர் எங்கள் ஊர் ஏஜென்ட் மீராசா ஹாஜியார். அப்போது வெறும் மீராசா. போய் எட்டாம் மாதம், சம்பளமும் இல்லை, அடியும் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்காரி குளிக்கப் போன நேரம் பார்த்து அவளுடைய போனில் மீராசாவை அழைத்திருக்கிறார்.

"சபுர் செய்ங்க தங்கச்சி, பொறுமையா இரிங்க, நான் பாக்கன்" என்றாராம் அவர்.

பார்த்தார்தான். அன்றைக்கே வீட்டுக்காரனை அழைத்து, உங்கள் வேலைக்காரி ஓடப் பார்க்கிறாள், கவனம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரி அதைச் சொல்லிச் சொல்லியே அடித்தாள். அதற்குப் பிறகுதான் கதவில் பூட்டு.

கடைசியில் வீட்டுக்காரனின் வயதான தகப்பன் மௌத்தானார், பிள்ளைகள் வீட்டை விற்றார்கள், வேண்டாத சாமானோடு சாமானாக இவரையும் விமானம் ஏற்றிவிட்டார்கள். விடுதலை வந்தது அப்படித்தான். நாவலில் பூட்டை உடைத்துக்கொண்டு விடியலை நோக்கி வெறுங்காலோடு நடக்கிறார். பன்னிரண்டு பக்கம் நடக்கிறார். தட்டச்சு செய்த எனக்கே கால் உளைந்தது.

எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் நளீம் சேர். கதை கேட்க வந்தவரிடம் பாத்தும்மா ஒரேயொரு நிபந்தனை வைத்தார்.

"என்ன வேணுமெண்டாலும் எழுதுங்க சேர். மீராசாட பேர மட்டும் உட்டுராதீங்க."

காரணம் இருந்தது. வெளிநாட்டு வேலைக்குப் போகவிருந்த தங்கையின் மகள் ஆதிலாவின் பாஸ்போட்டும் அப்போது மீராசாவின் கையில்தான். தங்கைக்கு இவர் சொன்னதில் பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். அச்சில் வந்தால் முழுதாக நம்புவாள் என்று நினைத்தார்.

நளீம் சேர் வாக்குத் தவறவில்லை, முதலில். பதினொரு இடத்தில் அந்தப் பெயர் இருந்தது. அச்சுச் செலவை ஹாஜியார் ஏற்றுக்கொண்டதும் சேர் என் அச்சுக் கடைக்கு வந்தார்.

"இலக்கியத்துக்குத் தனி ஆள் முக்கியமில்ல தம்பி. கொழும்பு ஏஜென்ட் ஒருத்தன் எண்டு போடுங்க."

போட்டேன். கணினியில் ஒரே தட்டு. கையிலிருந்த தேநீரைக்கூட நான் கீழே வைக்கவில்லை.

வெளியீட்டு விழாவில் அடிமைத்தனம் பற்றி மூன்று பேர் முழங்கினார்கள். முதல் பிரதியை மீராசா ஹாஜியார் பெற்றுக்கொண்டு, கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். பாத்தும்மாவுக்குப் பொன்னாடையும் ஒரு பிரதியும் கிடைத்தன. அவருக்கு வாசிக்கத் தெரியும் என்று மேடையில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கதிரையில் இருந்தபடியே பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை என் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி என்ன செல்றாள் தெரியுமா தம்பி? ஹாஜியார் அப்பிடிச் செஞ்சிருந்தா சேர் எழுதாம உடுவாரா ராத்தா எண்டு கேக்காள். என்ட வாயால சொல்லக்கொள அரைவாசியாவது நம்பினவள். இப்ப அதுவும் இல்ல."

நான் கதிரையை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் உட்காரவில்லை.

"அந்தப் பேரோட நீங்க முதல்ல அடிச்ச கடதாசி இரிக்கா? அவள்ர கண்ணுக்கு ஒருக்காக் காட்டிப்போட்டுத் தாறன்."

இருந்தது. எனக்குப் பின்னால், அலுமாரியில். மேசையில் ஹாஜியாரின் ஏஜென்சிக்கு அடித்த துண்டுப்பிரசுரம் இரண்டாயிரம் மை காயாமல் கிடந்தது. அவர் என் கடைக்கு மாதம் தவறாமல் வேலை தருபவர்.

"இல்ல ராத்தா, எரிச்சாச்சு."

"சரி தம்பி" என்று போய்விட்டார். என்னை அவர் நம்பியதுதான் இன்றைக்கும் தாங்க முடியாமல் இருக்கிறது.

வியாழக்கிழமை ஆதிலா விமானம் ஏறினாள். அந்தத் தாள்கள் இன்னும் அலுமாரியில்தான் இருக்கின்றன. பூட்டிச் சாவியை நான் வைத்திருக்கிறேன்.