மாத்திரையின் பெயருக்கும் ஓர் அர்ச்சனை

சென்ற தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோவில்பத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் என் மனைவி செல்வியின் கையிலிருந்து தோசைக்கரண்டி விழுந்தது. எடுக்கப் போனாள். விரல்கள் மடங்கவில்லை. மறுநாள் ஸ்கேனில் மூளைக்குள் இரண்டு கட்டிகள் தெரிந்தன.

அவளுக்கு ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய். ஊசிமருந்தில் உடம்பு தேறியிருந்தது. செவ்வாய்தோறும் அம்பகரத்தூர் அம்மனிடம் நான் வைத்த வேண்டுதல் ஒன்றுதான்: "தாயே, காவலாக இரு. எதையும் உள்ளே விடாதே." நான் செய்தியாளனாக இருந்தவன். எழுதியதைத் திருத்தாமல் விடமாட்டேன். அந்த வரியை மட்டும் திருத்தியதில்லை.

புதுச்சேரியில் மருத்துவர் விளக்கினார். ரத்தத்தில் வருவதெல்லாம் மூளைக்குள் நுழையாதபடி ரத்தக்குழாய்ச் சுவரே தடுக்கிறது. ஊசிமருந்து அதைத் தாண்டவில்லை. நோய் தாண்டிவிட்டது.

"பூவம் செக்போஸ்ட் தாண்டுனா பையத் தொறந்து பாப்பாங்களே, அது மாதிரியா டாக்டர்?" என்றாள் செல்வி.

"அதேதாங்க. ஆனா இங்க மருந்தையும் விடமாட்டாங்க."

வெளியே வந்ததும் என்னைப் பார்த்தாள். "எதையும் உள்ள விடாதன்னு கேட்டீங்கள்ல? அம்மன் மருந்தையும் சேத்து நிறுத்திட்டா!" சிரித்தாள். நான் ஊர் திரும்பும் பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

அந்தத் தடுப்பைத் தாண்டக்கூடிய மாத்திரை ஒன்றை மருத்துவர் எழுதியிருந்தார். எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது என்றார். அடுத்த செவ்வாய், அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டபோது, செல்வியின் பெயரோடு மாத்திரையின் பெயரையும் சொன்னேன்.

"இது யாருங்க? வெளிநாட்டுக்காரரா?"

"உள்ள போக வேண்டியவருங்க."

"நட்சத்திரம்?"

"தெரியாதுங்க."

அவர் மேற்கொண்டு கேட்காமல் அர்ச்சனை செய்தார். "தாயே, இதற்கு மட்டும் வழி விடு" என்று நான் வேண்டி நின்றேன்.

ஆடியில் மறுபடி ஸ்கேன். ஒரு கட்டி தெரியவில்லை. மற்றது மிளகளவு. "மருந்து உள்ள போயிருக்கு, நோய் அடங்கியிருக்கு" என்றார் மருத்துவர். குணமாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை, நானும் எழுதமாட்டேன். மாத்திரை தொடர்கிறது. எங்கள் வீட்டில் பயம் கொஞ்சம் இருக்கிறது. பசியும் தூக்கமும் திரும்பியிருக்கின்றன. எங்களுக்கு இது போதும், தாயே.

அன்பர்களே, மருத்துவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். மருந்தை ஒரு வேளையும் விடாதீர்கள். பிறகு அம்மன் முன் நின்று, வேண்டியதை விவரமாகச் சொல்லுங்கள். எங்களுக்கு இரங்கியவள் உங்களுக்கும் இரங்குவாள்.