பேர் சொல்லாத மொய்

பரளச்சியில் கஸ்தூரி தும்மினால் திருச்சுழியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் "நூறு வயசு" என்பார்கள். இதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். மிச்சம் பாதி சத்தியம்.

அவள் புருசன் கோட்டைச்சாமி மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். ஸ்பீக்கர் குழாய் கட்டுவது, லைட்டுப் போடுவது என்றால் புலி. மைக்கைக் கண்டால் மட்டும் எலி. கல்யாணமான புதுசில் ஒரு விசேஷ வீட்டில் "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லப் போனார். ஹலோ வரைக்கும் வந்தது. அதற்கே ஒரு வாளி வியர்வை ஊற்றி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற கஸ்தூரி மைக்கைப் பிடுங்கினாள். அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் மொய் வாசிப்பது அவள்தான். எந்த ஊர், என்ன முறை, என்ன கொண்டுவந்தார்கள் என்று அவள் வாசிக்கிற வாசிப்பில், எவர்சில்வர் குடம் கொண்டுவந்தவர்கூட யானை கொண்டுவந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்துவார்.

"பொம்பளையா மைக்கப் பிடிக்கிறது?" என்று சிலர் கேட்டார்கள். அவள் மைக்கிலேயே பதில் சொன்னாள்: "மைக்குக்கு மீசையா முளைக்கப் போகுது? பந்தி நடக்குது, போயி சாப்பிடுங்க."

மகள் ரோஷினி பத்தாம் வகுப்பு. அப்பாவின் வெட்கம் ஒரு சொட்டுக்கூட அவளுக்கு வரவில்லை. அம்மாவின் தொண்டை அப்படியே வந்திருந்தது. கட்டையான, கனத்த குரல். அதை வைத்துப் போனில் வீடியோ போட்டாள். கண்டக்டர் மாதிரி "காரியாபட்டி ஏறு, காரியாபட்டி ஏறு!" என்று கூவுவாள். ஆடு, கோழி வைக்கிற மொய்யை அம்மா மாதிரியே வாசிப்பாள். கோட்டைச்சாமி அதைப் பார்த்துச் சிரித்ததில், குழாய் கட்டப் போன இடத்தில் ஏணியோடு சேர்ந்து ஆடினார்.

அப்புறம்தான் எருமை வந்தது.

எவனோ பொய்ப் பெயரில் ஒரு ஐடி திறந்து ரோஷினியின் வீடியோவைப் போட்டான். அவள் வாயைத் திறக்கிற இடமெல்லாம் எருமை கத்தியது. தலையில் கொம்பு வேறு. கீழே கமெண்டுகள், எல்லாம் பெயர் தெரியாதவர்கள். காலையில் போட்டது, பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் வகுப்பு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. ரோஷினி பேசுவதை நிறுத்தினாள். வீட்டில் சோறு வேணுமா என்றால் தலையை ஆட்டினாள். கோட்டைச்சாமி ஏற்கெனவே அதிகம் பேசாதவர். இப்போது கஸ்தூரி தனியாக எவ்வளவுதான் கத்துவாள்?

சேதி கேட்டு மல்லாங்கிணற்றிலிருந்து அவள் அண்ணன் ஐயாத்துரை வண்டியில் வந்து இறங்கினார்.

"நான் அப்பவே சொன்னேன்ல கஸ்தூரி? பொட்டப் பிள்ளைக்கு எதுக்குப் போனு? பிடுங்கிப் பெட்டியில போட்டுப் பூட்டு. எல்லாம் அடங்கிரும்."

"அண்ணே, ஒங்க காட்டுல மாடு மேஞ்சா மாட்ட விரட்டுவீகளா? இல்ல வெள்ளாமையப் பிடுங்கிப் போட்டுட்டு வந்து படுப்பீகளா?"

"குதர்க்கம் பேசாத. நான் தாய்மாமன். எனக்கு உரிமை இருக்கு."

"இருக்குல்ல? அப்பப் போயி கேலி பண்ணுனவனப் பிடிச்சுட்டு வாங்க. பிள்ள கையில இருக்கிறதப் பிடுங்குறதுக்கு மாமன் எதுக்கு, கொரங்கு போதும்."

ஐயாத்துரையின் முகம் மிளகாய் வத்தல் ஆனது. "ஞாயித்துக்கெழம எம் மகளுக்குக் காதுகுத்து. அதுக்குள்ள போனப் பிடுங்கலேன்னா எம் வாசல்ல கால வைக்காத!"

"வைக்கல. அப்ப மைக்செட்டு?"

மைக்செட் இல்லாத காதுகுத்தை அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஊமைப் படமாக ஓடியது. "மைக்குக்கு மட்டும் வா" என்று உறுமிவிட்டுக் கிளம்பினார்.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் ரோஷினி வாயைத் திறந்தாள். "அம்மா, அது யாருன்னு எனக்குத் தெரியும்."

"யாருடி?"

"அந்த வீடியோவ நான் இன்னும் போடவே இல்ல. நல்லாருக்கானு கேட்டு ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுப்புனேன். முகேசுக்கு."

முகேஷ் ஐயாத்துரையின் மகன். ரோஷினியைவிட ஒரு வகுப்பு மூத்தவன்.

கஸ்தூரி விளக்குமாற்றைத் தேடினாள். ரோஷினி கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்மா. மாமா அவனத் தோல உரிச்சுருவாரு. பெறகு ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்னுரும்."

"சரி, நீயே சொல்லு. ஒனக்கு என்ன வேணும்?"

எல்லாரும் யோசனை சொன்னார்களே தவிர, இதை ஒருத்தரும் அவளிடம் கேட்டதில்லை.

"அவனே அத அழிக்கணும். போனு எங்கிட்டயே இருக்கணும். நான் வீடியோ போடணும்."

"வந்த கமெண்டெல்லாம் போட்டோ எடுத்து வச்சிருக்கியா?"

"ம்."

"காதுகுத்துல மைக்குல வாசிக்கட்டா? பேரு சொல்ல மாட்டேன்."

ரோஷினி வெகுநேரம் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "இந்த ரெண்ட மட்டும் வாசிக்காத. மத்தது வாசி."

ஞாயிற்றுக்கிழமை ஐயாத்துரை வீட்டுப் பந்தலில் கூட்டம், மதுரையில் பாதி காலியாகி வந்த மாதிரி இருந்தது. கஸ்தூரி மைக்கைப் பிடித்தாள்.

"பந்தல்குடி சங்கையா, மாமன் முறை, பித்தளை அண்டா ஒண்ணு! காரியாபட்டி ராமலட்சுமி, சித்தி முறை, வெள்ளிக் கொலுசு ஒரு சோடி!"

அதே மூச்சில், அதே ராகத்தில் தொடர்ந்தாள்.

"எம் மக ரோஷினிக்குப் போன்ல வந்த மொய்! ஊரு தெரியல, பேரு தெரியல: 'எருமைக்கு எதுக்கு வீடியோ, போயி தண்ணியில படு!' அண்ணன் முறையோ தம்பி முறையோ தெரியல: 'இந்தக் குரல வச்சுக்கிட்டு இருந்தா ஒன்னய எவன் கட்டுவான்!' மொகம் தெரியல, முறை தெரியல: 'செத்துப் போ!'"

பந்தியில் சோற்றுக்குப் போன கைகள் அப்படியே நின்றன. போனில் படித்தால் விரலால் தள்ளிவிட்டுப் போகிற வார்த்தை, குழாயில் வந்தபோது ஊர்க் கண்மாய் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஐயாத்துரை மைக்செட் பக்கம் பார்த்து "நிறுத்துங்க மாப்ள!" என்று கையை ஆட்டினார். கோட்டைச்சாமி குமிழைத் தொட்டார். சத்தத்தை இன்னும் கூட்டிவைத்தார்.

மகள் வேண்டாம் என்ற ரெண்டைத் தவிர மிச்சத்தையும் கஸ்தூரி வாசித்து முடித்தாள். ஐயாத்துரைக்கு இப்போது கோபம் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"எவன்டா அது? பேரச் சொல்லு கஸ்தூரி! எந் தங்கச்சி மகளச் செத்துப் போன்னு சொன்னவன் கைய ஒடிச்சுப்புடுறேன்!"

முகேஷ் சாம்பார் வாளியோடு நின்றான். வாளிக்குள் கடல் அலை அடித்தது.

கஸ்தூரிக்குப் பெயர் பல்லுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. கடித்துப் பிடித்துக்கொண்டு மைக்கை மகளிடம் நீட்டினாள்.

ரோஷினி வாங்கினாள். அந்தக் கட்டைக் குரல் குழாயில் ஏறியதும் பந்தல் தகரம் அதிர்ந்தது. "பேரு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அவனே அழிச்சுட்டு எங்கிட்ட வந்து சொல்லணும். சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா டீச்சர்ட்டயும் போலீஸ்லயும் சொல்லுவேன். எல்லாம் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். அது வரைக்கும் எம் போனு எங்கிட்டதான் இருக்கும். அதுக்குப் பெறகும் எங்கிட்டதான் இருக்கும்!"

ஐயாத்துரை பார்த்தார். "அப்ப இந்தா கேளுங்க! எங்க சொந்தத்துல இனி ஆணு பொண்ணு ஒருத்தருக்கும் போனு கெடையாது!"

"அண்ணே, யாரு போனையும் பிடுங்காதீக," என்றாள் கஸ்தூரி. "பிடுங்குனா, நாளைக்கு ஒங்க பிள்ளைக்கு ஒண்ணுன்னா ஒங்ககிட்டச் சொல்லுமா? போனு போயிரும்னு வாயப் பொத்திக்கிட்டுல்ல கெடக்கும். எம் மகளே இத்தன நாளா அப்பிடித்தான் கெடந்தா."

பந்தியில் சில அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் அப்பளத்தைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் ரோஷினி மைக்செட் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது முகேஷ் வந்தான். "அழிச்சுட்டேன்."

"காட்டு," என்றாள் ரோஷினி. காட்டினான்.

"வெளாட்டுக்குத்தான் போட்டேன். அவனுக இப்பிடியெல்லாம் எழுதுவானுகன்னு..."

"எனக்கு வெளாட்டா இல்ல."

"அப்பாட்டச் சொல்லிருவியா?"

"நீயே சொல்லு."

சொன்னான். மறுநாளே ஐயாத்துரை அவன் போனைப் பிடுங்கிவிட்டார் என்று சேதி வந்தது. கஸ்தூரி போன் போட்டு அதற்கும் சண்டை பிடித்தாள். "குடுத்துருங்கண்ணே. கெட்டதப் போட்ட கை, நல்லதப் போட்டுப் பழகட்டும்." ஐயாத்துரை தங்கையோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஆனால் போனைக் கொடுத்துவிட்டார்.

ரோஷினி அந்த வீடியோவைத் தானே போட்டாள், எருமை இல்லாமல். சிரித்தவர்கள் நிறைய. நடுவில் யாரோ முகம் தெரியாத ஒருத்தன் வேலையைக் காட்டியிருந்தான். அவள் விரலால் ஒரு தட்டுத் தட்டுவதைக் கஸ்தூரி பார்த்துவிட்டாள்.

"யாருடி அவன்? என்ன எழுதியிருக்கான்? காட்டு!"

"பிளாக் பண்ணிட்டேன். இது ஒண்ணுமில்ல. காட்டணும்னா நானே காட்டுவேன்."

கஸ்தூரிக்குக் கை பரபரத்தது. போன் எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தது. கையை இழுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு, வெங்காயம் உரிக்கப் போனாள்.