ஒத்தை ஆளாத் திருப்பாதே

மாதாவோட பிள்ளைகளே, எனக்கு மைக்குல பேசிப் பழக்கமில்லை. முட்டி வலி வேற. உட்கார்ந்தே சொல்லிடுறேன், கோவிச்சுக்காதீங்க.

எங்க ஊரு திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம். கூலித் தகராறு உச்சத்துல இருந்த வருஷம் அது. சம்பா நடவு நேரம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்க தெரு ஆளுங்க யாரும் வயல்ல இறங்கல. பண்ணையார் வெளியூர் ஆளைக் கொண்டாந்து இறக்கினார். வரப்புல நின்னு மறிச்சதுக்கு என் வீட்டுக்காரரையும் சேர்த்து ஜெயிலுக்குக் கொண்டுபோயிட்டாங்க. வீட்டுல நானும் மாமியாரும்தான். எங்களுக்கு அப்ப பிள்ளை இல்லை.

அத்தைக்கு முந்தின வருஷமே பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோச்சு. வாய் கோணிச்சே தவிர பேச்சு குறையல. ஆளும் நல்ல கனம். விடியக்காலையில புரட்டிப்போட்டு, துடைச்சு, துணி மாத்தி, கஞ்சி ஊட்டணும். வயல் வேலை இருந்தப்ப மத்தியானம் ஓடியாந்து மறுபடி புரட்டுவேன். என் இடுப்பே விட்டுப்போச்சு. "ஆண்டவரே, அதை எடுத்துக்க, இல்லாட்டி என்னை எடுத்துக்க"ன்னு அழுதிருக்கேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?

மார்த்தா சிஸ்டர்னு ஒருத்தங்க கோயில் மருந்தகத்துல இருந்தாங்க. ஒருநாள் அத்தையைப் பார்க்க வந்தவங்க முதுகைத் தூக்கிப் பார்த்துட்டு, "இத்தனை மாசமாப் படுத்திருக்காங்க, ஒரு புண் கூட இல்லையே! நீ நர்ஸ் பயிற்சிக்குப் போ. எட்டாவது படிச்சிருக்கல்ல, அது போதும். தஞ்சாவூர்ல தங்கிப் படிக்கலாம்"னாங்க.

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "வீட்டுல அள்ளிக்கொட்டுறது பத்தாதா சிஸ்டர்? ஊராருதையும் அள்ளணுமா?"ன்னேன். அவங்க சிரிச்சாங்களே ஒழிய விடல. பார்க்கும்போதெல்லாம் அதே பேச்சு.

ஆசை இல்லாம இல்லை. வயல்ல குனிஞ்சு குனிஞ்சு சாகாம ஒரு வேலை, யார் வீட்டு வாசல்லயும் நிக்காத ஒரு பொழப்பு. ஆனா நான் போனா அத்தையை யார் பார்ப்பா? இந்த வேலை போதும் போதும்னு ஆன பிறகு, காலம் பூரா அதையே செய்யணுமா? போறதா வேண்டாமான்னு மனசு கிடந்து அல்லாடுச்சு. தூக்கமே போச்சு.

ஆவணியில வேளாங்கண்ணிக் கொடியேத்தம். பக்கத்து வீட்டு ரோஸக்காகிட்ட அத்தையை ஒப்படைச்சுட்டு நடந்தே போனேன். ரோஸக்காதான் எங்க நடவுக் கும்பலுக்குத் தலைவி. கோயில்ல முழந்தாள் போட்டேன், ஜெபம் வரல. களைப்புல வாயில வந்ததைச் சொன்னேன். "தாயே, ஒண்ணு அத்தையை எழுப்பி நடக்க வை. இல்லாட்டி அந்த சிஸ்டர் வாயை மூடு. என்னால முடியல." அவ்வளவுதான் என் ஜெபம். அப்படியே தூணோரம் தூங்கிட்டேன்.

பயந்துக்கிட்டேதான் திரும்பி வந்தேன். வீடு நாறிக் கிடக்கும்னு நெனச்சேன். உள்ள நுழைஞ்சா, அத்தை தலை சீவி, சின்னப் புள்ளை மாதிரி படுத்திருக்கு. நடவுக் கும்பல் பொம்பளைங்க சுத்தி உட்கார்ந்து வெத்தலை போட்டுக்கிட்டு இருக்காங்க. நடவு நின்னுபோனதால எல்லார் கையும் சும்மாதானே இருந்துச்சு? முறை வச்சுப் பார்த்திருக்காங்க.

ரோஸக்கா சொன்னாங்க: "சிஸ்டர் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நீ போடி. நடவுல ஒருத்திக்கு மேலுக்கு முடியலன்னா அவ பங்கை நாம நட்டுத்தர்றதில்லையா? அது மாதிரிதான் இதுவும்."

"வேலை ஆரம்பிச்சுட்டா என்னக்கா பண்ணுவீங்க?"

"கூலியை மொத்தமாப் பேசித்தானே நடவு எடுக்குறோம்? தினம் ஒருத்தி இங்க நிப்பா. அவ பங்கையும் சேர்த்து நாங்க நட்டுட்டுப் போறோம்."

நான் அத்தையைப் பார்த்தேன். கோணின வாயை இன்னும் கோணிக்கிட்டு, "போய்த் தொலை. உன் மூஞ்சியையே பார்த்துப் பார்த்து எனக்கும் அலுத்துப்போச்சு"ன்னுச்சு. சொல்லிட்டு மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு. கண்ணு கலங்கியிருந்ததை நான் பார்க்கக் கூடாதாம்.

மாதா அத்தையை எழுப்பல. சிஸ்டர் வாயையும் மூடல. நான் கேட்ட ரெண்டுமே நடக்கல, கேட்கத் தெரியாததுதான் நடந்துச்சு.

புரட்டாசியில தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தேன். மொத நாள் படுக்கையாக் கிடந்த ஒரு அம்மாவைத் திருப்பச் சொன்னாங்க. பழக்கதோஷம், நான் பாட்டுக்குத் தனியாக் கை போட்டுத் தூக்கிட்டேன். "ஒத்தை ஆளாத் திருப்பாதே! கூட ஒருத்தரைக் கூப்பிடு. உன் முதுகும் போகும், அவங்களுக்கும் வலிக்கும்"னு டீச்சரம்மா சத்தம் போட்டாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. ஏன் அழுறேன்னு யாருக்கும் புரியல.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்கு வந்தேன். அதுக்குள்ள கூலி பேசி முடிஞ்சு எல்லாரும் வயலுக்குத் திரும்பியிருந்தாங்க. வீட்டுக்காரரும் விடுதலையாகி வந்துட்டாரு. வந்ததும் வராததுமா அத்தையைத் திருப்பி முதுகைப் பார்த்தேன். தோள்பட்டை, இடுப்பு, குதிகால்னு ஒரு இடம் விடல. ஒரு புண் இல்லை, ஒரு சிவப்புக் கூட இல்லை. "என்னடி தேடுற? இவளுங்க என்னைச் சாகவும் விடமாட்டேங்குறாளுங்க"ன்னுச்சு அத்தை. நான் அந்த முதுகு மேலயே முகத்தை வச்சு அழுதேன்.

பயிற்சி முடிச்சு, பல ஊர்ல வேலை பார்த்து, ஓய்வும் வாங்கியாச்சு. களைப்பு மட்டும் போகல, அது நம்ம கூடவே வர்றது. உங்க வீட்டுலயும் யாராவது படுத்திருக்கலாம். ஜெபம் பண்ணக்கூடத் தெம்பு இல்லாம இருக்கலாம். வாயில வர்றதைச் சொல்லுங்க, அந்தத் தாய் புரிஞ்சுக்குவாங்க. சொல்லிட்டு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்க. பாரத்தை ஒத்தை ஆளாத் திருப்பாதீங்க.