எனக்குப் பதிலாக வடக்கே போனவர்

இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் எங்கள் லைன் சூப்பர்வைசர் குட்டையானவர், நரைத்த மீசைக்காரர். பேசும்போது முகம் பார்க்க மாட்டார். பேனாவை டக்டக்கென்று அழுத்திக்கொண்டிருப்பார். ஐரோப்பாவின் வடகோடி நகரம் ஒன்றில் பயிற்சிக்கு என் பெயர் வந்திருந்தது. அங்கே குளிர்கால வானில் பச்சை ஒளி ஆடுமாம். அதைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பேருந்து நேரமெல்லாம் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாளை அவர் பிடுங்கிப் படித்தார்.

"லைட்டு பாக்கவா கம்பெனி உன்ன அனுப்புது?"

"அன்னைக்கு லீவுதான சார்?"

"இன்னா லீவு? நீ போவவே வாணாம்."

என் பெயரை அடித்துவிட்டு அவரே போனார். திரும்பி வந்தவரிடம் ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன்.

"பாத்தீங்களா சார்?"

"குளுருல எவன் வெளிய வருவான்? ரூம்லயே தூங்கிட்டேன்."

பார்த்துவிட்டு எனக்குச் சொல்ல மனமில்லையா, நிஜமாகவே தூங்கினாரா? இரண்டில் எதற்காக அவரை அதிகம் வெறுப்பது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.