நம்பர் இல்லாத வண்டி

மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்து சூசை மேரிக்கு முதுகெலும்பு போனது தொண்ணூற்று நான்கில். அதற்குப் பிறகு அவளால் உட்கார முடியாது, படுக்கத்தான் முடியும். வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வருஷா வருஷம் காவிப் புடவை கட்டி வேளாங்கண்ணிக்கு நடந்தே போனவள். இன்னும் ஒரே ஒரு தடவை மாதாவைப் பார்த்துவிட வேண்டும், அதுதான் அவள் கேட்டது. பஸ்ஸில் படுக்க இடம் ஏது? ஆம்புலன்ஸ் பிடிக்கிறேன் என்றான் புருஷன் அமலதாஸ்.

"சாவு கேசு மாதிரி அந்த வண்டியில நான் மாதாகிட்ட போவ மாட்டேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அமலதாஸுக்குத் திண்டிவனத்தில், சென்னை ரோட்டோரம் மெக்கானிக் ஷெட். வீடும் அதன் பின்னாலேயே. தொண்ணூற்றாறு மழைக்காலத்தில் ஒரு ஜெர்மன்காரர், தன் ஊரிலிருந்து தரைவழியாகவே ஓட்டிவந்த பழைய வேன் புகைய, அங்கே வந்து நின்றார். வேனுக்குள் கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குத் திரை. சக்கரம் வைத்த வீடுதான். இன்ஜினைப் பிரித்துச் சேர்ப்பதற்குள் மனுஷருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. விமானமேறப் போகும்போது, படுத்துக்கிடந்த சூசை மேரியைக் காட்டி, சாவியை அமலதாஸின் உள்ளங்கையில் வைத்து மூடினார். இனி வண்டி நம்முடையது என்று பாவம், அவன் நம்பிவிட்டான்.

மறுநாளே கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. அவர்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்களிடம் ஒரு வழக்கம். வண்டி வாங்கினால் நம்பர் எழுதி, அந்தப் பலகையில் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகுதான் முதல் பயணம். அதுவும் மாதா கோயிலுக்கு. ஊரில் பாதிப் பேர் பேப்பர் இல்லாமல்தான் ஓட்டுகிறார்கள், அந்த வண்டிகளை ரிப்பேர் பார்ப்பவனும் இவன்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு பிடிவாதம்.

"திருட்டு வண்டி மாதிரி கொண்டுபோயி மாதா முன்னாடி நிறுத்தச் சொல்றியா?" என்று அவளையே கேட்டான்.

நம்பர் கொடுக்கும் விழுப்புரம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கிளார்க் சீனுவாசன் நல்ல மனுஷர், உட்காரவைத்துத்தான் சொன்னார். "ஸ்டியரிங் இடது பக்கம் இருக்குதுங்க, அப்படியே நம்பர் தர முடியாது. அப்புறம் வெளிநாட்டு வண்டி. சுங்கவரி கட்டின ரசீது வேணும்."

ஸ்டியரிங் அவனுடைய கைவேலை. ஒரு வருஷம் மல்லுக்கட்டி வலது பக்கம் கொண்டுவந்துவிட்டான். சுங்கவரிதான் ஆளை உட்காரவைத்தது. சென்னையில் அந்த வேலை பார்த்துத் தரும் ஏஜென்ட் கிருஷ்ணசாமி கணக்குப் போட்டுவிட்டுத் தாளை இவன் பக்கம் தள்ளினார். வண்டியின் விலையைவிட வரி அதிகம். இவ்வளவு பழைய வண்டிக்கு அனுமதி தில்லியிலிருந்து வர வேண்டும். அபராதம் தனி.

"திரும்பக் கொண்டுபோறேன்னு எழுதிக்குடுத்து உள்ள வந்த வண்டிங்க இது. நீங்க கட்டுற காசுக்குப் புது வேனே வாங்கலாம். இனிமே இதப் பத்தி எங்கியும் விசாரிக்காதீங்க. தெரிஞ்சா தூக்கிக்கினு போய்டுவாங்க" என்றார்.

அதற்கு மேல் அவன் எங்கே போய் முட்டிக்கொள்வான்? வேனைத் தார்ப்பாய் போட்டு மூடினான். சட்டம் என்றைக்காவது மாறும் என்று சொல்லிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பேட்டரிக்காக இன்ஜினை ஓடவிடுவான். அப்போது சூசை மேரியைத் தூக்கிவந்து உள்ளே கட்டிலில் கிடத்துவான். வண்டி நின்ற இடத்திலேயே உறுமும்.

"இப்ப எங்கய்யா வந்துருக்கோம்?" என்பாள்.

"பாண்டி தாண்டிட்டோம்."

"ஜல்தியா ஓட்டு."

கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று சொல்லிக்கொண்டே வருவான். நாகப்பட்டினத்தில் இன்ஜினை அணைத்துவிடுவான். மாதா கோயில் வந்துவிட்டது என்று பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் அவள் விளையாட்டை விட்டுவிட்டுக் கேட்டாள். "நம்பர் இல்லாட்டி என்னா? ஒரே ஒரு தடவ போயிட்டு வந்துரலாம்யா."

"வழியில புடுச்சிக்கினா? வண்டியும் போயிரும்."

அவள் பிறகு கேட்கவே இல்லை. அது அவனுக்குத் தாங்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்று ஆகஸ்டில், நடைபயணக் கூட்டம் கிளம்பிப்போன வாரம், காய்ச்சலில் சூசை மேரி செத்துப்போனாள். பங்கின் சவ வண்டி அச்சு முறிந்து அவன் ஷெட்டிலேயே கிடந்தது. வெளியே நல்ல மழை, கல்லறை ஊரின் அந்தக் கோடி. அமலதாஸ் யாரையும் கேட்கவில்லை. தார்ப்பாயை உருவினான். அவளைத் தூக்கிப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் படுத்த அதே கட்டிலில் கிடத்தினான். பின்னால் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டு நனைந்து நடந்தார்கள்.

நாலு ரோடு கூடும் இடத்தில் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டினார். அமலதாஸ் பிரேக்கை மிதித்தான். அவர் நிறுத்தியது பஸ்களை. இந்த வண்டிக்கு வழிவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு மழையில் நின்றார்.

அமலதாஸ் கண்ணாடியை இறக்கினான். "சார், இதுக்கு நம்பர் கெடையாது."

அவருக்குப் புரியவில்லை. "சாவு வண்டிக்கு எவன்யா நம்பர் பாப்பான்? நீ போய்யா" என்றார்.

அவன் பின்னால் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு கியரைப் போட்டு ஓட்டினான்.