‘எஸ்’ என்றால் ஸ்டாண்டர்ட் இல்லை

பொன்முடி மலைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து, கீழே ஷெட்டில் இருந்த தேயிலை மூட்டைகள் நனைந்துபோயின. ‘பம்ப் ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு வரும்படி எங்கள் முதலாளி என்னை அனுப்பினார். தொட்டிக்குத் தண்ணீர் மட்டம் காட்டும் சென்சார் விற்றது திருவனந்தபுரத்திலுள்ள எங்கள் கம்பெனி. நான் அங்கே டெக்னீஷியன். ஆபரேட்டரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். என் அறிக்கையும் அப்படியே வந்தால் அவர் வேலையே போய்விடும்.

அவர் தமிழர். எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீட்டிலிருந்து ஒரு மூங்கில் கம்போடு வந்து நின்றார்.

“புதுசு மாட்டின அன்னைக்கே பறஞ்சேன் மேடம். கம்பு விட்டுப் பாத்தா மூணு மீட்டரு. இது ஒண்ணு புள்ளி எட்டுன்னு காட்டுது. ஆரும் கேக்கல.”

நான் சென்சாரை வெளியே எடுத்து வெறும் காற்றில் பிடித்தேன். டிஸ்பிளேயில் மைனஸ் ஒன்று புள்ளி இரண்டு மீட்டர். எங்கள் லேபில் இதே சென்சார் காற்றில் பூஜ்யம் காட்டியது. சரி என்று கையெழுத்துப் போட்டவளும் நான்தான்.

தண்ணீரின் உயரத்தை இந்த சென்சார் அதன் அழுத்தத்தை அளந்துதான் சொல்லும். அழுத்தம் என்று ஓர் எண்ணைச் சொன்னால், எதை வைத்துப் பார்த்து என்று கேட்க வேண்டும். வெற்றிடத்தை வைத்தும் அளக்கலாம், நின்ற இடத்துக் காற்றை வைத்தும் அளக்கலாம். இந்தத் தொட்டிக்கு வேண்டியது இரண்டாவது வகை. மூன்றாவதாக ஒன்று உண்டு: ஃபேக்டரியில் கொஞ்சம் காற்றை உள்ளே அடைத்து சீல் வைத்துவிடுவார்கள். அது எங்கே போனாலும் தன் ஊர்க் காற்றை வைத்துத்தான் எல்லாவற்றையும் அளக்கும். மலையில் காற்று மெலிந்திருப்பது அதற்குத் தெரியாது. தண்ணீரை ஒரு மீட்டருக்கு மேல் குறைத்துக் காட்டும். தொட்டி நிரம்பியது தெரியாமல் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே நடந்தது அதுதான்.

ஆர்டர் ஃபாரத்தில் ‘ஜி’, ‘ஏ’, ‘எஸ்’ என்று மூன்று எழுத்து இருக்கும். ‘ஜி’ நின்ற இடத்துக் காற்று, ‘ஏ’ வெற்றிடம், ‘எஸ்’ சீல் வைத்தது. முதலாளி அதை ஸ்டாண்டர்ட் என்று நினைத்து டிக் அடித்திருக்கிறார். எஸ்டேட் ஃபைலில் அந்த ஃபாரத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதற்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்!

அறிக்கையில் எழுதினேன்: ‘தவறு ஆபரேட்டருடையது அல்ல. இடத்துக்குப் பொருந்தாத சென்சாரை எங்கள் கம்பெனி அனுப்பியது. மலையின் உயரத்தை யோசிக்காமல் அதை நான் பாஸ் செய்தேன்.’ எஸ்டேட் மேனேஜர் மேஜையிலேயே ஒரு பிரதியை வைத்துவிட்டுத்தான் மலை இறங்கினேன். முதலாளியிடம் முதலில் காட்டியிருந்தால் அது வெளியே போயிருக்காது.

மறுநாள் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பேச்சு வழக்கம்போல மலையாளத்தில். எட்டு வருஷமாக அந்த ஆபீஸில் நானும் மலையாளம் மட்டும்தான் பேசினேன். நன்றாகவே பேசுவேன்; தமிழச்சி என்று காட்டிக்கொண்டதே இல்லை. தமிழர்களைப் ‘பாண்டி’ என்று கேலி செய்து என் முன்னாலேயே சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், வெட்கக்கேடு.

“ஒரு பாண்டிக்கு வேண்டியாணோ நீ கம்பெனியெ நாணம் கெடுத்தியது?” என்றார். ஒரு பாண்டிக்காகவா கம்பெனி மானத்தை வாங்கினாய் என்று.

அந்த ஆபீஸில் முதல்முறையாகத் தமிழில் பதில் சொன்னேன்.

“ஒரு பாண்டி இல்ல சார், ரெண்டு. இன்னொண்ணு நான்.”