கேஸ்காரர் எங்களை வெளியே துரத்திய நாள்

நோர்பரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், அம்மா சமைக்கும் குசினியின் சுவரில், வீட்டைச் சூடாக்கும் பழைய கேஸ் பொய்லருக்குப் பக்கத்தில், காற்றுப் போய்வர ஓர் ஓட்டை இருந்தது. லண்டன் குளிர் முழுவதும் அதற்குள்ளால்தான் வருகிறது என்று அப்பா கண்டுபிடித்தார். தான் உடுத்த பழைய சாரமொன்றைச் சுருட்டி அதில் அடைத்து, பெட்டி ஒட்டும் ரேப்பால் மூடினார். குசினி கதகதப்பானது. வீட்டைக் கட்டியவனுக்கே தெரியாததைத் தான் கண்டுபிடித்துவிட்ட பெருமை அவருக்கு.

அதன்பிறகு எல்லோருக்கும் தலையிடி. அம்மா குளிரைத் திட்டியபடி நெற்றியில் தைலம் பூசினாள். நான்கு வயதுத் தம்பி எந்நேரமும் படுத்துக் கிடந்தான். நான் அவனைச் சோம்பேறி என்று கூப்பிட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அப்பா பெற்றோல் ஸ்டேஷன் வேலைக்குப் போயிருந்தபோது, பொய்லரின் வருடாந்தச் சோதனைக்கென்று வீட்டுக்காரர் அனுப்பிய கேஸ்காரர் வந்தார். கதவைத் திறந்தபோதே எனக்கு வெட்கம் பிடுங்கியது. வீடெங்கும் மீன் பொரித்த மணம். கதிரைகளில் காயப்போட்ட உள்ளுடுப்புகள். அம்மா வீட்டில் உடுக்கும் சோட்டிக்கு மேல் அப்பாவின் ஜாக்கெட்டைப் போட்டு, தலையைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் வராது. பத்து வயதில் நான்தான் அந்த வீட்டின் வாய்.

அவர் குசினிக்குள் போனதும் கையிலிருந்த, காற்றைச் சோதிக்கும் கருவி கீச்சிடத் தொடங்கியது. பொய்லரின் மஞ்சள் நெருப்பைப் பார்த்தார். சுவரில் அப்பா ஒட்டிய ரேப்பைப் பார்த்தார். கேஸ் வால்வைப் பூட்டி, ஜன்னல்களை அடித்துத் திறந்து, "அவுட்! எல்லோரும் அவுட்!" என்று கத்தினார்.

"என்னவாம் பிள்ளை?" என்றாள் அம்மா.

"எங்களை வெளியில போகட்டாம்."

"ஏன், நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள்?"

"வீடு ஊத்தையாக் கிடக்கிறதாலதான் போல, அம்மா."

வீட்டுக்குள் வேறு யாரும் இருக்கிறார்களா என்று கேஸ்காரர் என்னைக் கேட்டார். தம்பி மேலே நித்திரை, எழுப்பினாலும் எழும்பமாட்டான் என்றேன். அவர் சப்பாத்துக் காலோடு படிகளில் பாய்ந்தேறி, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

தெருவில் நின்றோம், அம்மா வெறுங்காலுடன். எதிர்வீட்டுத் திரைச்சீலைகள் விலகின. என் வகுப்புத் தோழி ஒருத்தி தாயோடு கடைப்பைகள் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் கேஸ்காரரின் வான் வண்டிக்குப் பின்னால் ஒளிந்தேன். அங்கிருந்தும் எல்லாம் தெரிந்தது. அவர் நடைபாதை விளிம்பில் குந்தியிருந்து, தம்பியை மடியில் கிடத்தி, கன்னத்தில் தட்டித் தட்டிக் கத்தினார். அவர் போனில் கூப்பிட்ட ஆம்புலன்ஸின் சத்தம் தூரத்தில் கேட்டது. அம்மா அவர் முன்னால் முழந்தாளிட்டு, "ராசா, கண்ணை முழியடா" என்று கதறினாள். அத்தனை பேர் பார்க்க அவள் ஏன் அப்படிச் செய்கிறாள் என்று எனக்கு உடம்பு கூசியது.

தம்பி சாப்பிட்டதையெல்லாம் அந்த மனிதரின் நெஞ்சில் சத்தியெடுத்தான். பிறகு வாயைப் பிளந்து, தெரு முழுக்கக் கேட்க வீறிட்டு அழுதான்.

மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது எனக்கு. ஓடிப்போய், "வாயை மூடடா, சனம் பார்க்குது" என்று அவன் வாயைப் பொத்தப் போனேன். கேஸ்காரர் என் கையைப் பிடித்து விலக்கினார். அவன் அழட்டும், நல்லா அழட்டும் என்றார். சட்டையெல்லாம் சத்தி வழிய, கண்ணும் கலங்கியிருக்க, அந்த வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மாவும் சிரித்தாள்.

இவ்வளவு மானம் போனபிறகும் இவர்களுக்கு என்ன சிரிப்பு என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.